பிப் இருக்கும்போது ஆப்ட் எதுக்கு? வாசகர் கேள்வி பதில்

டெபியன்ங்கற லினக்ஸ் சிஸ்டத்துல பைத்தான் பேக்கேஜ் பராமரிக்கிறதைப் பத்தி போன தடவை ரெண்டு பத்திதான் எழுதியிருந்தேன், அதுக்கே கேள்விகள் குவிஞ்சிருச்சு. புதுசா வந்தவங்களுக்கு: பிப்ங்கறது பைபிஐங்கற பொதுக் களஞ்சியத்துல இருந்து பைத்தான் லைப்ரரியை இறக்குற கமாண்ட், ஆப்ட்ங்கறது டெபியனோட சொந்தக் களஞ்சியத்துல இருந்து இறக்குறது. ஒரே மாதிரி கேட்டிருந்ததை எல்லாம் ஒண்ணாக்கிட்டேன். எந்த லேப்டாப் வாங்கலாம்னு கேட்டவங்க இன்னொரு நாளைக்கு வாங்க, கோவிச்சுக்காதீங்க.

கோயம்புத்தூர் மாணவி: காலேஜ் லேப்ல டெபியன் 12 போட்டதுல இருந்து பிப் இன்ஸ்டால் அடிச்சாலே ‘எக்ஸ்டர்னலி மேனேஜ்டு என்விரான்மென்ட்’னு எரர் வருது அண்ணா. ‘பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்’ ஆப்ஷன் சேர்த்தா ஓடிருதுன்னு சீனியர் சொல்றாங்க. சேர்க்கலாமா?

வேண்டாம்மா. சுடோ போட்டு (அதாவது அட்மின் உரிமையோட) பிப் ஓட்டினா அது யூஎஸ்ஆர் லோக்கல் ஃபோல்டருக்குள்ள போய் உக்காரும், பைத்தான் எதையாவது இம்போர்ட் பண்றப்ப அந்த ஃபோல்டரைத்தான் முதல்ல பாக்கும், டெபியன் வச்சிருக்கறது அதுக்கப்புறம்தான். அதனால உங்க ப்ராஜெக்டுக்குன்னு நீங்க போட்ட புது வெர்ஷனை சிஸ்டத்துல இருக்கற மத்த ப்ரோக்ராமும் எடுத்துக்கும். செக்யூரிட்டி அப்டேட்டை தானா போடுற அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸ், பக் ரிப்போர்ட் அனுப்புற ரிப்போர்ட்பக், இதெல்லாம் பைத்தான்ல எழுதினதுதான். ஏதோ ஒண்ணு ஓடாம போகும், காரணம் ஆறு மாசம் முன்னாடி அடிச்ச ஒரு பிப் கமாண்டா இருக்கும், யாருக்கு ஞாபகம் இருக்கும் சொல்லுங்க. இதைத் தடுக்கத்தான் பெப் 668னு பைத்தான் பக்கம் ஒரு விதி வந்துச்சு, 2023 ஜூன்ல வந்த டெபியன் 12 அதை எடுத்துக்கிச்சு, உபுண்டு 23.04லயும் இருக்கு, மேக்ல ஹோம்ப்ரூவும் இப்ப அப்படித்தான்.

ப்ராஜெக்டுக்கு வென்வ் (அதுக்குன்னு மட்டும் ஒரு தனி பைத்தான் சூழல்) போட்டு அதுக்குள்ள பிப் ஓட்டுங்க. டெர்மினல்ல ஓட்டுற டூல் மட்டும் வேணும்னா பிப்எக்ஸ். வென்வ் உங்க ஹோம் ஃபோல்டர்லயே இருக்கும், லேப் அட்மின்கிட்ட போய் நிக்கத் தேவையில்ல (பைத்தான்3-வென்வ் பேக்கேஜ் மட்டும் அவர் ஒரு தடவை ஆப்ட்ல போட்டு வைக்கணும்).

சென்னை, ஐடி ஊழியர்: பைபிஐல எல்லாமே இருக்கு. அதையே எடுத்து டெபியன்ல திரும்ப பேக் பண்றது ரெட்டை வேலைதானே சார்? இன்னமும் எதுக்கு இதெல்லாம்?

இந்தக் கேள்வி நிறைய பேருக்கு இருக்கு, நியாயமான கேள்விதான்.

பைபிஐல யார் வேணா எந்த வெர்ஷன் வேணா ஏத்தலாம், ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகுதான்னு பாக்குறது உங்க பொறுப்பு. டெபியன்ல ஒரு லைப்ரரிக்கு பொதுவா ஒரே ஒரு வெர்ஷன்தான், அதை நம்பி இருக்கற அத்தனை ப்ரோக்ராமும் அந்த ஒண்ணோட ஒத்துப்போயே ஆகணும். வீட்டுல நாலு பேருக்கு சமைக்கிறதுக்கும் ஹாஸ்டல் மெஸ்ல எல்லாருக்கும் ஒரே குழம்பு வைக்கிறதுக்கும் உள்ள வித்தியாசம்னு வச்சுக்கோங்க, காரம் தூக்கலா வேணுங்கறவனும் இருப்பான், அல்சர்காரனும் இருப்பான். டெபியன் 12ல மொத்தம் 64 ஆயிரத்துக்கும் மேல பேக்கேஜ், அதுல ஆயிரக்கணக்குல பைத்தான்.

இதனால என்ன லாபம்னா 2023 செப்டம்பரைப் பாருங்க. லிப்வெப்பிங்கற படம் திறக்குற சி லைப்ரரியில பெரிய ஓட்டை, க்ரோம் ஃபயர்ஃபாக்ஸ் எல்லாம் அவசரமா பேட்ச் போட்ட சமயம். பைத்தான்ல படம் கையாள எல்லாரும் வச்சிருக்கற பில்லோ இருக்கே, பைபிஐல கிடைக்கிற அதோட வீல் ஃபைலுக்குள்ள (ரெடியா கட்டி வச்ச பேக்கேஜ்) லிப்வெப்பியோட காப்பி ஒண்ணு பேக் ஆகியே வரும், அதனால அவங்க 10.0.1னு புது வெர்ஷன் விடவேண்டியதாச்சு, நீங்களும் உங்க ஒவ்வொரு வென்வ்லயும் அதை மாத்தணும், எத்தனை வென்வ் இருக்குன்னு உங்களுக்கே தெரியாது. டெபியன்ல பில்லோ சிஸ்டத்துல இருக்கற லிப்வெப்பியைத்தான் கூப்பிடும், லிப்வெப்பி ஒண்ணை மாத்தினதும் அதை நம்பியிருந்த எல்லாருக்கும் சேர்த்து ஓட்டை அடைஞ்சுது. அதுக்காக எல்லாத்தையும் ஆப்ட்லயே போடுங்கன்னு சொல்ல வரல. உங்க கம்பெனி ஆப் வாராவாரம் மாறுதுன்னா பிப்தான் சரி. அஞ்சு வருஷம் யாரும் தொடாம ஓடவேண்டிய சர்வர்னா ஆப்ட் பக்கம் வாங்க.

லைசென்ஸ் இன்னொரு விஷயம். புது பேக்கேஜ் உள்ள வரணும்னா நியூ க்யூன்னு ஒரு வரிசையில நிக்கணும், ஒவ்வொரு ஃபைலுக்கும் காப்பிரைட் யாருது, லைசென்ஸ் என்னன்னு எழுதிக் கொடுக்கணும், அதை ஒரு மனுஷன் உக்காந்து படிப்பார். பில்ட் பண்றப்ப நெட் தொடவே கூடாது. இதனால சில சமயம் ரொம்ப லேட் ஆகும், அது உண்மை.

மதுரை: மெயின்டெயின் பண்றதுன்னா என்னதான் பண்ணுவீங்க? புது வெர்ஷன் வந்தா நம்பரை மாத்தி ஏத்துறதுதானே?

நம்பரை மாத்துறது அஞ்சு நிமிஷ வேலை. வாட்ச்னு ஒரு ஃபைல் இருக்கும், புது வெர்ஷன் வந்திருக்கான்னு யூஸ்கேன்ங்கற டூல் அதைப் பாத்து சொல்லிரும், சோர்ஸை இறக்கி கிட்ல (மாத்தங்களைப் பதிவு பண்ணி வைக்கிற டூல்) சேர்த்து, நம்ம பேட்ச்கள் இன்னும் ஒட்டுதான்னு பாத்து, சேஞ்ச்லாக்ல ஒரு வரி எழுதி, சுத்தமான சூழல்ல பில்ட் போடணும். பாதி நாள் இதோட முடிஞ்சிரும், நிம்மதியா காபி குடிக்கலாம்.

மிச்ச பாதிதான் வேலை. நீங்க ஏத்தினது முதல்ல அன்ஸ்டேபிள்ங்கற பகுதிக்குப் போகும், அங்க ரெண்டு நாளோ அஞ்சு நாளோ இருந்துட்டுத்தான் டெஸ்டிங்குக்கு (அடுத்த ஸ்டேபிள் ரிலீஸ் தயாராகுற இடம்) நகரும். அந்த இடைவெளியில உங்க பேக்கேஜை நம்பி இருக்கற மத்தவங்களோட டெஸ்டையும் சேர்த்து ஓட்டிப் பாப்பாங்க. உங்களுது பாஸ், ஆனா உங்களை நம்பின ஒண்ணு ஃபெயில்னா நீங்க அங்கேயே நிக்கணும். டெஸ்ட் ஓட்டுற பைடெஸ்ட் மாதிரி ஒண்ணை 7ல இருந்து 8க்கு மாத்தினா யார் யார் வீட்டுல எல்லாமோ விளக்கு அணையும், ஒவ்வொருத்தருக்கும் பக் போட்டு, முடிஞ்சா பேட்சும் எழுதி அனுப்பி, அவங்க சேர்க்குற வரைக்கும் காத்திருக்கணும். நம்ம பேக்கேஜ்ல பக் வந்துருச்சுன்னு ரிப்பேர் பண்ற நேரத்தை விட அடுத்தவங்க பக்கை துரத்துற நேரம்தான் அதிகம்.

எல்லாத்துக்கும் மேல பைத்தானே மாறும். 2023 அக்டோபர்ல 3.12 வந்தப்ப பேக்கேஜ் கட்ட உதவுற டிஸ்ட்யூட்டில்ஸைத் தூக்கிட்டாங்க, இம்ப் மாட்யூலும் போச்சு. அடுத்த அக்டோபர்ல 3.13, அதுல பெப் 594 படி சிஜிஐ, டெல்நெட்லிப் மாதிரி 19 பழைய மாட்யூலுக்கு டாட்டா. பத்து வருஷமா யாரும் தொடாத லைப்ரரி எல்லாம் இங்கதான் படுக்கும், எழுதினவருக்கு மெயில் போட்டா பதில் வராது, அந்த ரெண்டு வரியை நாமதான் மாத்தணும். இம்ப் இல்லாம ஓடாததுக்காகவே ஜாம்பி-இம்ப்னு ஒரு பேக்கேஜ் இருக்கு டெபியன்ல, நிஜமாத்தான் சொல்றேன். சியில எழுதின பகுதி இருக்கற லைப்ரரின்னா ஒவ்வொரு பைத்தான் வெர்ஷனுக்கும் தனித்தனியா கம்பைல் ஆகணும், அதனால கொஞ்ச நாளைக்கு பழசு புதுசு ரெண்டையும் சேர்த்து ஓட்டி, அப்புறம் டிஃபால்ட்டை மாத்தி, கடைசியா பழசை எடுப்பாங்க. 2024 ஜூன்ல கணக்கு போடுற நம்பை லைப்ரரியோட 2.0 வந்துச்சு, 2006ல வந்த 1.0க்கு அப்புறம் அவங்க முதல் பெரிய நம்பர் மாத்தம், அதுலயும் இதே கூத்து. எல்லாம் ஓஞ்சு 2025 ஆகஸ்ட்ல டெபியன் 13 வந்தப்ப உள்ள 3.13 இருந்துச்சு.

பெரிய பக்கை கண்டுக்காம விட்டா பேக்கேஜை டெஸ்டிங்ல இருந்து தானாவே தூக்கிருவாங்க, அதை நம்பி இருந்ததும் கூடவே போகும். கொடுமையா தெரியும், ஆனா எனக்கு அதுல குறையே இல்ல, அப்படி ஒண்ணு இல்லன்னா ரிலீஸே வராது.

திருநெல்வேலி: இதை எல்லாம் பாட் பண்ணாதா?

பண்ணுது. கோண்டா-ஃபோர்ஜ்ங்கற இன்னொரு பேக்கேஜ் களஞ்சியத்துல, பைபிஐல புது வெர்ஷன் வந்ததும் ஒரு பாட் தானா புல் ரிக்வெஸ்ட் போட்டுரும், டெஸ்ட் பச்சைன்னா மனுஷன் மெர்ஜ் அமுக்கினா போதும். நிக்ஸ்ங்கற பேக்கேஜ் சிஸ்டத்துல ஹாஸ்கெல் மொழி பேக்கேஜ்களை அந்த மொழியோட களஞ்சியமான ஹேக்கேஜ்ல இருந்து மெஷினே உருவாக்குது. ஆனா புது வெர்ஷன்ல டிபெண்டென்சி (அது நம்பி இருக்கற மத்த பேக்கேஜ்) மாறியிருக்கே, அதை பேக்கேஜ் கட்டுற ரெசிப்பியில எழுதினோமான்னு பாக்காமலே மெர்ஜ் அமுக்குறவங்க உண்டு. பச்சை வந்துச்சுன்னா டெஸ்ட் எதைத் தொட்டுச்சுன்னு ஒரு எட்டு பாருங்க, வெறும் இம்போர்ட் மட்டும் செக் பண்ற டெஸ்ட் நிறைய இருக்கு.

பெங்களூரு: நோட்.ஜேஎஸ்ல ஒரு சின்ன ஃபங்ஷனுக்குக் கூட ஒரு பேக்கேஜ் இருக்கே, அதை எப்படி சமாளிக்கிறீங்க?

நான் அந்த டீம்ல இல்ல, தப்பிச்சேன். 2016 மார்ச்ல லெஃப்ட்-பேட்னு 11 வரி பேக்கேஜை எழுதினவர் என்பிஎம்ங்கற ஜாவாஸ்க்ரிப்ட் களஞ்சியத்துல இருந்து எடுத்ததும் ஊருல பாதி பில்ட் நின்னுச்சே, அந்த உலகம். டெபியன் ஜாவாஸ்க்ரிப்ட் டீம் சின்னச் சின்னதை எல்லாம் ஒரே சோர்ஸ் பேக்கேஜுக்குள்ள சேர்த்துக் கட்டி வைப்பாங்க, இல்லன்னா நியூ க்யூ தாங்காது.

பெயர் வேண்டாம், ஓசூர்: எக்ஸ்இசட் விஷயத்துக்கு அப்புறம் யாரை நம்புறதுன்னே தெரியல. மெயின்டெயினரே திருடனா இருந்தா?

தெரியாதவங்களுக்கு சுருக்கமா. எக்ஸ்இசட் ஒரு கம்ப்ரஷன் லைப்ரரி, தனி ஆளா களைச்சுப்போயிருந்த மெயின்டெயினருக்கு ஜியா டான்ங்கற பேர்ல ஒருத்தர் ரெண்டு வருஷத்துக்கும் மேல ஒழுங்கா உதவி பண்ணி நம்பிக்கை வாங்கி, 5.6.0, 5.6.1 வெர்ஷன்ல பின்கதவு வச்சாரு. எஸ்எஸ்எச் லாகின் (தூரத்துல இருக்கற மெஷினுக்குள்ள நுழையுறது) அரை செகண்ட் லேட் ஆகுதேன்னு ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட்ங்கற டெவலப்பர் தோண்டப் போய் 2024 மார்ச் 29ல வெளிய வந்துச்சு.

எங்க பக்கத்து தப்பையும் சொல்லணும். எஸ்எஸ்எச் ஓட்டுற ஓப்பன்எஸ்எஸ்எச்சுக்கு எக்ஸ்இசட் தேவையே இல்ல, லினக்ஸ்ல சர்வீஸ்களை கிளப்பி நடத்துற சிஸ்டம்டியோட பேசுறதுக்காக டெபியன் மாதிரி டிஸ்ட்ரோக்கள் போட்ட பேட்ச் வழியாத்தான் அந்த லைப்ரரி உள்ள வந்துச்சு. அந்த பேட்ச் வேற விதமா மாறியாச்சு இப்ப. இன்னொண்ணு, விஷத்தை ஓட வைக்கிற ஸ்க்ரிப்ட் கிட்ல இல்ல, ரிலீஸ் டார்பாலுக்குள்ள (வெளியிடுறப்ப கட்டித் தர்ற சோர்ஸ் மூட்டை) மட்டும் இருந்துச்சு, அதனால டார்பாலை விட்டுட்டு நேரா கிட் டேக்ல இருந்து எடுங்கன்னு பேச்சு பலமாச்சு. பைத்தானுக்கும் அதே கதைதான், பைபிஐல ஏத்துன ஃபைலும் கிட்டும் ஒண்ணா இருக்கும்னு எந்த சட்டமும் இல்ல.

அந்த சமயம் பழைய வெர்ஷனுக்குப் போகணும், ஆனா ஆப்ட்ல நம்பர் பின்னாடி போகாது, அதனால 5.6.1+ரியலி5.4.5-1ன்னு ஒரு நம்பர் வச்சு ஏத்தினாங்க. ஸ்டேபிள் வச்சிருந்தவங்களுக்கு ஒண்ணும் ஆகல, அந்த வெர்ஷன் அங்க வந்து சேரவே இல்ல.

யாரை நம்புறதுன்னா, தனி ஆளை விட டீமை நம்புங்க. டெபியன் பைத்தான் டீம்ல ஒருத்தர் பேக்கேஜை இன்னொருத்தர் தொடலாம், மாத்தினது எல்லாம் சால்சாங்கற டெபியன் கிட் சர்வர்ல திறந்து கிடக்கும். 2018ல என்பிஎம்ல ஈவென்ட்-ஸ்ட்ரீம்ல நடந்ததும் இதேதான், களைச்சுப்போன ஒருத்தர் முன்பின் தெரியாத ஆள்கிட்ட சாவியைக் கொடுத்தாரு, பிட்காயின் திருட்டுல முடிஞ்சுது. கை ஓஞ்சு போச்சுன்னா டெபியன்ல ஆர்எஃப்ஏன்னு போட்டு ஆள் கேக்கலாம், ஆர்எஃப்எச் போட்டு உதவி கேக்கலாம், முடியவே இல்லன்னா ஆர்ஃபன்னு அறிவிச்சுட்டுப் போகலாம், கேவலம் ஒண்ணும் இல்ல. யாருமே எடுக்கலன்னா தரம் பாக்குற க்யூஏ குரூப் பாத்துக்கும், கடைசியில நீக்கிருவாங்க.

சேலம்: சம்பளம் உண்டா?

பெரும்பாலும் இல்ல. பழைய ரிலீஸுக்கு செக்யூரிட்டி பேட்ச் போடுற எல்டிஎஸ் வேலைக்கு ஃப்ரீக்ஸியன்ங்கற கம்பெனி வழியா சிலருக்குக் காசு வருது.

விழுப்புரம் மாணவர்: நானும் ஆரம்பிக்கணும் அண்ணா. எங்க இருந்து?

உங்க ஊர்லயே 2023 ஜனவரியில மினிடெப்கான்ஃப்ங்கற டெபியன் கூட்டம் நடந்துச்சே தம்பி, அதே வருஷம் செப்டம்பர்ல பெரிய டெப்கான்ஃப் கொச்சியில. அங்க வந்தவங்க யாராவது பக்கத்துலயே இருப்பாங்க, தேடிப் பிடிங்க. பின்னாடி உங்க ஜிபிஜி கீயில (நீங்கதான்னு காட்டுற டிஜிட்டல் சாவி) டெபியன் டெவலப்பர் கையெழுத்து வேணும், நேர்ல பாத்து வாங்கறதுதான் வழக்கம்.

புது பேக்கேஜ் கொண்டுவரேன்னு ஆரம்பிக்காதீங்க. ஹவ்-கேன்-ஐ-ஹெல்ப்னு ஒரு பேக்கேஜ் இருக்கு, போட்டீங்கன்னா உங்க மெஷின்ல இருக்கறதுல எது அனாதையா கிடக்கு, எதுக்கு உதவி கேக்குறாங்கன்னு லிஸ்ட் தரும். அதுல நீங்க தினமும் ஓட்டுற ஒண்ணை எடுங்க, பில்ட் ஃபெயிலோ டெஸ்ட் ஃபெயிலோ இருக்கும், சரி பண்ணி சால்சால மெர்ஜ் ரிக்வெஸ்ட் போடுங்க. ஏத்துற உரிமை உங்களுக்கு வர்ற வரைக்கும் ஒரு டெவலப்பர் ஸ்பான்சர் பண்ணி ஏத்துவார், கொஞ்சம் பழகினதும் டெபியன் மெயின்டெயினர், அப்புறம் டெவலப்பர், அது வருஷக்கணக்கு விஷயம், அவசரம் வேண்டாம்.

முதல் மெயில்ல ‘எப்படி ஆரம்பிக்கறது’ன்னு மட்டும் எழுதி அனுப்பாதீங்க, பதில் வராது. எந்த பேக்கேஜ், எந்த பக் நம்பர், நீங்க பில்ட் போட்டுப் பாத்தப்ப லாக்ல கடைசி இருபது வரி என்ன வந்துச்சு, எது காரணமா இருக்கும்னு நினைக்கிறீங்க, இதை ஒட்டி அனுப்புங்க. உங்க யூகம் தப்பா இருந்தாலும் பரவால்ல, லாகைப் பாத்துட்டு யாராவது பதில் போட்டுருவாங்க.