கோப்பி நல்லமோ கூடாதோ? வாசகர் கேள்விக்குப் பதில்

கேள்வி: சேர், போன மாசம் பேப்பரில கோப்பி குடிச்சால் ஆயுள் கூடுமாம் எண்டு ஒரு யூனிவேசிற்றி ஆராய்ச்சி வந்தது, இந்த மாசம் வட்ஸ்அப்பில கோப்பியால கான்சர் வருமாம் எண்டு இன்னொண்டு. எங்கட மனுசன் ஒரு நாளைக்கு நாலு தரம் குடிக்கிறார். எதை நம்புறது? (வாசகி, சுன்னாகம்)

பதில்: தங்கச்சி, உந்தக் கான்சர் கதை நல்ல பழசு. 1991ல உலக சுகாதார நிறுவனத்தின்ர புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு கோப்பியை மூத்திரப்பைக் கான்சருக்குக் காரணமாய் இருக்கலாம் எண்ட பட்டியல்ல போட்டது உண்மை, ஆனா 2016ல எல்லா ஆய்வையும் திரும்ப எடுத்துப் பாத்திட்டு அதில இருந்து தூக்கிட்டுது. தூக்கினதை ஒருத்தரும் வட்ஸ்அப்பில அனுப்பேல்லை, அவ்வளவுதான். அதே கூட்டத்தில இன்னொண்டும் சொன்னவை, 65 பாகைக்கு மேல சூடாய்க் குடிக்கிற எந்தப் பானமும், கோப்பியோ தேத்தண்ணியோ வெறும் சுடுதண்ணியோ, உணவுக்குழாய்க் கான்சருக்குக் காரணமாய் இருக்கக்கூடும் எண்டு. அதால அவர் எத்தினை தரம் குடிக்கிறார் எண்டதை விட அடுப்பால இறக்கின உடன வாயில வைக்கிறாரோ எண்டதைப் பாருங்கோ.

ஏன் இப்பிடி மாறி மாறிச் சொல்லுகினம் எண்டுதானே கேக்கிறியள். கோப்பி கனக்கக் குடிக்கிறவையில சிகரெட் பத்திறவையும் கூட, அப்ப வந்த வருத்தம் கோப்பியால வந்ததோ சிகரெட்டால வந்ததோ எண்டு பிரிச்சு எடுக்கிறது லேசுப்பட்ட வேலை இல்லை. சனத்திட்ட "என்ன சாப்பிடுறனீங்கள்" எண்டு கேட்டு எழுதிப்போட்டு பத்து வருசத்தால ஆருக்கு என்ன வந்தது எண்டு பாக்கிற ஆய்வு எல்லாத்திலயும் இந்தச் சிக்கல் இருக்கு. நல்ல ஆய்வாளர் கணக்குப் போட்டு அதைக் கழிக்கப் பாப்பினம், ஆனா முழுக்கக் கழியாது.

இதுக்கு நான் எப்பவும் சொல்லுற உதாரணம் பின்லாந்தில நடந்தது. மரக்கறி பழம் கூடச் சாப்பிடுறவைக்கு நுரையீரல் கான்சர் குறைவு எண்டு கனக்க ஆய்வு சொல்லிச்சுது, அப்ப கரட்டில இருக்கிற பீற்றா கரோட்டீன்தான் காப்பாத்துது எண்டு நினைச்சு, சிகரெட் பத்திற 29,133 ஆம்பிளையளைச் சேர்த்து, குலுக்கல் மாதிரிப் பிரிச்சு, ஒரு பகுதிக்கு ஒவ்வொரு நாளும் அந்தக் குளிசையும் மற்றப் பகுதிக்கு மருந்தில்லாத சும்மா குளிசையும் குடுத்திச்சினம். 1994ல முடிவு வந்தது. குளிசை எடுத்தவைக்கு நுரையீரல் கான்சர் 18 வீதம் கூட! அமெரிக்காவில இதே மாதிரி நடந்த இன்னொரு ஆய்வை 1996ல பாதியில நிப்பாட்ட வேண்டி வந்தது. கரட்டில பிழை இல்லை, நீங்கள் தாராளமாய்ச் சம்பல் போடுங்கோ, ஆனா கரட்டுக்குள்ள இருக்கிற ஒண்டைப் பிரிச்செடுத்துக் குளிசையாக்கி விக்கிற விளம்பரத்தைக் கண்டால் மட்டும் பின்லாந்தை நினையுங்கோ. அடுத்த முறை "ஆராய்ச்சி சொல்லுது" எண்டு ஒரு மெசேஜ் வந்தால் கேக்க வேண்டியது இதுதான்: பாத்து எழுதினவையோ, குலுக்கல் போட்டுக் குடுத்துப் பாத்தவையோ, எத்தினை பேரில, இல்லாட்டி எலியிலயோ. அரைவாசி மெசேஜ் எலியோட நிண்டிடும்.

கேள்வி: டெங்கு நுளம்பு நல்ல தண்ணியிலதான் பெருகும் எண்டு பள்ளிக்கூடத்தில படிச்சனாங்கள். எங்கட பக்கம் கிணறெல்லாம் உவர்த் தண்ணி, அப்ப எங்களுக்குப் பயமில்லைத்தானே? (வாசகர், குருநகர்)

பதில்: தம்பி, பயப்பிட வேண்டிய ஆக்களே நீங்கள்தான். இதைக் கண்டுபிடிச்சதும் வெளிநாட்டுக்காரர் மட்டுமில்லை, எங்கட யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விலங்கியல் ஆக்களும் சேர்ந்துதான். பேராசிரியர் நோபிள் சுரேந்திரனும் ரஞ்சன் ராமசாமியும் சேர்ந்த குழு 2011ல எழுதின கட்டுரையில, கரையோரத்தில எறிஞ்சு கிடக்கிற பிளாஸ்டிக் போத்தல், கண்ணாடிச் சாமான், கைவிட்ட வள்ளம், பாவிக்காத கிணறு எண்டு போய்ப் பாத்து, லீற்றருக்கு 2 முதல் 15 கிராம் வரை உப்பிருக்கிற தண்ணிக்குள்ளயும் டெங்கு நுளம்பின்ர புழு இருக்கு, அது வளர்ந்து பறந்தும் போகுது எண்டு காட்டிச்சினம். கடல் தண்ணி 35 கிராம் வரும், அப்ப அதில அரைவாசி அளவு உப்புக்குக் கிட்டவாப் போனாலும் அதுக்குக் கவலையில்லை. யாழ்ப்பாண நகரத்தில அந்த மாதிரி உவர்த் தண்ணி நிண்ட இடங்களுக்குக் கிட்ட டெங்கு கூட இருந்ததையும் எழுதியிருக்கினம்.

பேந்து 2021ல அடுத்த கட்டம். உப்புக்குப் பழகின புழுவின்ர மேல்தோல் தடிச்சுப் போயிருக்கு, உள்ளுக்குள்ள மரபணு வேலை செய்யிற விதமும் மாறியிருக்கு எண்டு பாத்தவை. கடல் மட்டம் உயர உயர எங்கட குடாநாட்டுக் கிணறுகளுக்குள்ள உப்புக் கூடும், நுளம்பு அதுக்கு இப்பவே ஆயத்தம். மலேரியா பக்கமும் நிம்மதி முழுசாய் இல்லை. 2016 செப்ரெம்பரில இலங்கையில மலேரியா இல்லை எண்டு சேட்டிபிக்கட் கிடைச்சது, அதே வருசக் கடைசியில மன்னாரில அனோபிலிஸ் ஸ்டீபென்சி எண்ட புது மலேரியா நுளம்பு பிடிபட்டது, இந்தியாவில நகரங்களில மலேரியா பரப்புறது உதுதான். ஆகவே பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து நல்ல தண்ணிச் சிரட்டையை மட்டும் பாத்திட்டுப் போனால், "அந்தப் பின்பக்க உவர்க் கிணத்தையும் ஒருக்காப் பாருங்கோ" எண்டு கூட்டிக்கொண்டு போங்கோ.

கேள்வி: ஆரோ ஆராய்ச்சிக்காரர் வந்து எங்கட தோட்டக் கிணத்துத் தண்ணியைப் போத்தல்ல எடுத்துக்கொண்டு போனவை, ரெண்டு வருசமாச்சு, ஒரு சொல்லு இல்லை. தண்ணியைக் கொதிக்க வைச்சுக் குடிச்சால் காணும்தானே? (வாசகர், உரும்பிராய்)

பதில்: அண்ணை, காணாது. செம்பாட்டு மண்ணுக்குக் கீழ சுண்ணாம்புக் கல்லு, அதில ஓட்டையும் வெடிப்பும், மேல போடுற யூரியாவும் மலக்குழிக் கழிவும் நேரை கீழ இறங்கும், அதால வலிகாமத்துத் தோட்டக் கிணறுகளில நைத்திரேற்று கூட எண்டு கன வருசமாய்ப் பல ஆய்வுகள் சொல்லிக்கொண்டு வருது. குடிக்கிற தண்ணியில லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல இருக்கக்கூடாது எண்டது உலக சுகாதார நிறுவனத்தின்ர அளவு. கொதிக்க வைச்சால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது, தண்ணி ஆவியாகிறதால இருக்கிறது இன்னும் செறிவாகும். கைக்குழந்தைக்கு அந்தத் தண்ணியில பால்மா கரைச்சுக் குடுக்க வேண்டாம், இரத்தத்தில ஒட்சிசன் குறைஞ்சு பிள்ளை நீலமாய்ப் போகும். றிசல்ட் கேக்கிறதில வெக்கப்பட ஒண்டுமில்லை. தண்ணி உங்கட, கிணறு உங்கட. என்ர அபிப்பிராயம், றிசல்ட் தராட்டி அடுத்த போத்தலுக்குத் துலாவில கை வைக்க விடாதேங்கோ. வரேக்க போன் நம்பரும் துறையின்ர பேரும் எழுதி வாங்கி வையுங்கோ.

கேள்வி: மகள் கலைப்பீடத்துக்குப் போறாள். லாப் இல்லாத ஆராய்ச்சியும் ஒரு ஆராய்ச்சியோ எண்டு சொந்தக்காரர் பகிடி பண்ணுகினம். (ஒரு தாய், சாவகச்சேரி)

பதில்: அந்தச் சொந்தக்காரருக்கு ஹாவர்ட் பேராசிரியர் கிளாடியா கோல்டினைப் பற்றிச் சொல்லுங்கோ, 2023ல பொருளாதார நோபல் பரிசு எடுத்தவ. லாப் இல்லை, பழைய பதிவேடுதான். அமெரிக்காவின்ர 200 வருசக் கணக்கைக் கிளறினால், கலியாணம் கட்டின பொம்பிளையள் தோட்டத்திலயும் குடும்ப யாவாரத்திலயும் வேலை செய்தாலும் தொழில் எண்ட இடத்தில "மனைவி" எண்டு மட்டும் எழுதியிருக்கு. அதைத் திருத்திப் பாக்கத்தான் தெரிஞ்சது, பொம்பிளையள் வேலைக்குப் போறது நேராய்க் கூடிக்கொண்டு வரேல்லை, தொழிற்சாலை வந்த காலத்தில விழுந்து, பிறகு கந்தோர் வேலையள் வரத்தான் திரும்ப ஏறியிருக்கு. எங்கட ஊரில விடியக்காலமை வெங்காயத்துக்குத் தண்ணி கட்டிப்போட்டு வந்து சமைக்கிற பொம்பிளையிட்ட கணக்கெடுக்க வந்தால், படலையில நிக்கிற மனுசன் "அவ சும்மா வீட்டில" எண்டுதானே சொல்லுவார். மகள் அதை எண்ணத் தொடங்கினால் நல்ல ஆய்வு ஒண்டு கைவசம்.

லாப்தான் வேணும் எண்டு நிண்டால் அதுவும் இருக்கு. கி.பி. 79ல வெசூவியஸ் எரிமலையில கரியாய்ப் போன ஏட்டுச் சுருளுகளை விரிக்காமல் எக்ஸ்றே எடுத்து, கொம்பியூட்டருக்குப் பழக்கி வாசிக்கினம். கென்டக்கிப் பல்கலைக்கழகத்து பிரென்ட் சீல்ஸ் தொடங்கி வைச்ச வேலை, மூண்டு மாணவர் அதில 7 லட்சம் டொலர் பரிசு எடுத்தவை. அந்தச் சுருளில சாப்பாட்டையும் சந்தோசத்தையும் பற்றிக் கதைச்சிருந்தது, அதை விளங்க கிரேக்கம் படிச்ச ஆக்கள்தான் வேணும். எங்கட ஏடுகள் எரியாமல் செல்லரிச்சுக்கொண்டு கிடக்கு, உங்கட வீட்டுப் பரணில கட்டேதும் இருந்தால் எண்ணெய் பூசப் போகாமல் முதல் கம்பஸ் ஆக்களுக்கோ, பழைய ஏடு புத்தகங்களைப் படமெடுத்து நெற்றில போடுற நூலகம் நிறுவனத்துக்கோ அறிவியுங்கோ.

கேள்வி: உந்தக் கட்டுரையள் எல்லாம் காசு கட்டித்தான் வாசிக்கலாமோ? (மாணவன், நெல்லியடி)

பதில்: எல்லாம் இல்லை. மேல சொன்ன 2011 நுளம்புக் கட்டுரை நெற்றில இலவசம். பூட்டிக் கிடக்கிறதெண்டால் எழுதினவருக்கே ஈமெயில் போடு தம்பி, கனபேர் சந்தோசமாய் அனுப்புவினம், அவைக்குப் பேராசிரியர்மாரைத் தவிர வாசிக்கிற ஆக்கள் கிடைக்கிறது குறைவு.