ஃபர்னஸ் இருக்கும் வீட்டில் ஹீட் பம்ப்: கடன் வாங்கிப் போடலாமா?

கேள்வி: வீட்டைச் சூடாக்கும் எங்கள் கேஸ் ஃபர்னஸுக்கு எட்டு வயது, நன்றாக ஓடுகிறது. ஏசிதான் அடிக்கடி மக்கர் செய்கிறது. புது ஏசிக்கு விலை கேட்டால், “ஹீட் பம்ப்பாகப் போடுங்கள், ஃபர்னஸும் இருக்கட்டும், குளிர்காலச் செலவு பாதியாகிவிடும்” என்கிறார் காண்ட்ராக்டர். கடன் வாங்கிப் போடலாமா?

பதில்: அந்தப் ‘பாதி’யை முதலில் ஓரமாக வையுங்கள். உங்கள் கேஸ், கரண்ட் பில்கள் இரண்டையும் பார்க்காமல் யாராலும் அப்படிச் சொல்ல முடியாது.

ஹீட் பம்ப் வெளிக்காற்றில் இருக்கும் வெப்பத்தை இழுத்து உள்ளே தள்ளுகிறது. மிதமான குளிரில் ஒரு யூனிட் கரண்டுக்குச் சுமார் மூன்று யூனிட் வெப்பம் கிடைக்கும். கடுங்குளிரில் அது இரண்டு யூனிட்டாகவும் குறையலாம். ஃபர்னஸோ எந்தக் குளிரிலும் எரிபொருளில் 80 முதல் 95 சதவீதத்தை வெப்பமாகத் தந்துவிடும்.

சரி, பில்லை எடுங்கள். ஒரு கன மீட்டர் இயற்கை எரிவாயுவில் சுமார் 10.5 யூனிட் ஆற்றல் இருக்கிறது. கன மீட்டர் விலையை 10.5 ஆல் வகுத்தால் கேஸின் யூனிட் விலை வரும். மாதாந்திர நிலைக் கட்டணத்தைச் சேர்க்க வேண்டாம். கரண்ட் யூனிட் விலை கேஸ் யூனிட் விலையைப்போல மூன்று மடங்கு, ஃபர்னஸின் திறன் 90 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 3 × 0.9 = 2.7. ஹீட் பம்ப் யூனிட்டுக்கு 2.7க்கு மேல் தரும் நாளில் அது லாபம், கீழே போனால் ஃபர்னஸே மலிவு. வெளியே எந்த வெப்பநிலையில் அந்த எல்லை வருகிறது என்பதை மாடலின் விவரத்தாளில் பார்த்து, அங்கே ஃபர்னஸுக்கு மாறும்படி தெர்மோஸ்டாட்டை அமைக்கச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் ஏதோ ஒரு எண்ணைப் போட்டுவிட்டுப் போவார்கள்!

உங்களுக்குச் சாதகமான விஷயம் ஏசிதான். எப்படியும் மாற்றத்தான் போகிறீர்கள். ஹீட் பம்ப் கோடையில் ஏசியாகவும் ஓடும். எனவே முழு விலையைப் பார்த்து மலைக்க வேண்டாம், ஏசி விலைக்கு மேல் ஆகும் கூடுதல் தொகை மட்டுமே கணக்கு. அது கையில் இருந்தால் போடலாம் என்பேன். கடன் என்றால், அந்தக் கூடுதல் தொகைக்கான ஒரு வருடத் தவணையையும் வருட மிச்சத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். தவணை பெரிதாக இருந்தால், வெறும் ஏசியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நல்ல ஃபர்னஸ் இருக்கும்போது அவசரம் எதுவும் இல்லை.

ஃபர்னஸை வைத்துக்கொண்டால் கேஸ் நிலைக் கட்டணமும் அதன் சர்வீஸ் செலவும் தொடரும். மானியத்தை நம்பிக் கணக்குப் போடுவதாக இருந்தால், விதிகளை முதலில் படியுங்கள். பழைய ஃபர்னஸை அகற்றினால்தான் பணம் என்று சொல்லும் திட்டங்களும் உண்டு. அப்புறம், ஏசி மட்டும் போட்டால் எவ்வளவு, ஹீட் பம்ப் போட்டால் எவ்வளவு என்று ஒரே கொள்ளளவுக்கு இரண்டு விலைப்புள்ளிகளை எழுத்தில் வாங்கிய பிறகே முன்பணம் கொடுங்கள்.