மதுரைக் கோட்டை தெரியும் பழைய அச்சுப்படங்கள்: கேள்வி பதில்

நரிமேடு வாசகர்: தாத்தா வீட்டுப் பரணில் மதுரைக் கோட்டையின் வண்ணப்படம் ஒன்று கிடைத்தது. அது அசலா என்று எப்படி அறிவது?

பதில்: ஆங்கில ஓவியர் தாமஸ் டேனியலும் அவருடைய உடன்பிறந்தவர் மகன் வில்லியமும் 1792இல் மதுரைக்கு வந்து வரைந்தவற்றை லண்டன் திரும்பியபின் செப்புத்தகட்டில் ஏற்றினார்கள். 1795 முதல் 1808 வரை 144 படங்களாக வெளிவந்த அந்தத் தொகுப்பில் கோட்டைக் காட்சியும் புதுமண்டபமும் நாயக்கர் அரண்மனையும் இடம்பெற்றன. 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் கோட்டைச் சுவர் இடிக்கப்பட்டுவிட்டதால், வெளிவீதிகளில் நடக்கும் நமக்கு அந்தச் சுவரைக் காட்டக்கூடிய சாட்சிகள் மிகச் சில. ஆகவே பொறுமையாகச் சோதியுங்கள்.

தகட்டில் பிசின் பொடியைத் தூவி, சூட்டில் ஒட்டவைத்து, அமிலத்தால் அரிக்கும் அக்வாடிண்ட் முறையில் செய்தவை அவை. பத்து மடங்கு லென்ஸில் வானத்தைப் பார்த்தால், வெள்ளைக் குருணைகளைச் சுற்றி மை ஒழுங்கற்ற வலையாகப் படர்ந்திருக்கும். கோலப்புள்ளி வைத்தாற்போல் வரிசையான நிறப்புள்ளிகள் தெரிந்தால் அது பிற்கால நகல். படத்தைச் சுற்றித் தகடு அழுந்திய பள்ளம் விரலுக்குத் தட்டுப்படும். சட்டத்துக்காக ஓரத்தை வெட்டியிருந்தால் அந்தத் தடயம் போயிருக்கும்.

மேலூர் வாசகர்: என்னிடம் உள்ள படம் என்ன விலை போகும்?

பதில்: படத்தைக் கையில் எடுத்துப் பார்க்காமல் நான் விலை சொல்வதில்லை.

திருமங்கலம் வாசகர்: என் படம் கறுப்பு வெள்ளையில் உள்ளது. ஓவியரிடம் கொடுத்து வண்ணம் தீட்டலாமா?

பதில்: வேண்டாம். அதே காட்சிகள் பின்னர் சிறிய அளவில் வண்ணமின்றியும் வெளிவந்தன. உங்களுடையது அந்தப் பதிப்பாக இருந்தால், வண்ணம் இல்லாததே அதன் இயல்பு.

சோழவந்தான் வாசகர்: ஒப்புக்கொள்ள முடியவில்லை. பெரிய பதிப்பிலேயே கையால்தானே நீர்வண்ணம் பூசினார்கள்? நாம் பூசினால் மட்டும் குற்றமா? மரங்களையும் மலைகளையும் அழகுக்காக இடம் மாற்றிய படத்துக்கு இவ்வளவு பயபக்தி எதற்கு?

பதில்: இரண்டும் நியாயமான கேள்விகள். அன்று பூசியவர்கள் ஓவியர் கண்ட ஒளியை அவருடைய மேற்பார்வையில் பின்பற்றினார்கள். நமக்கு அந்த வழிகாட்டி இல்லை, பூசிய வண்ணத்தைத் தாள் கெடாமல் எடுக்கவும் இயலாது. இடமாற்றம் உண்மைதான். காட்சியைத் தாளில் ஒளிநிழலாக விழவைக்கும் கேமரா அப்ஸ்கியூரா என்ற பெட்டியின் துணையோடு வரைந்ததால் கட்டடங்களின் கோடுகளை நான் பெரிதும் நம்புகிறேன். முன்னால் நிற்கும் மரத்தையும் மனிதரையும் அவ்வளவு நம்புவதில்லை. எதை நம்பலாம் என்று தாளைப் பார்த்து முடிவுசெய்யும் வாய்ப்பு அடுத்த தலைமுறைக்கும் இருக்க வேண்டும் என்பதற்காகவே தொடாதீர்கள் என்கிறேன். பாபநாசம் அருவிப் படம் ஒன்றைச் சட்டமிடக் கொடுத்தேன். கடைக்காரர் ஒட்டுப்பலகையில் பசை தடவி ஒட்டிவிட்டார். மூன்றே ஆண்டுகளில் அருவி நீர் தேநீர்க் கறையாகிவிட்டது. அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை.

பசுமலை வாசகர்: மதுரைக் கோயிலின் பழைய ஒளிப்படம் உள்ளது.

பதில்: லின்னேயஸ் ட்ரைப் 1858இல் இங்கே ஒளிப்படங்கள் எடுத்தார். அது வேறு துறை. ஒளிப்படப் பாதுகாப்பு அறிந்தவரிடம் காட்டுங்கள்.

உசிலம்பட்டி வாசகர்: பழுப்புப் புள்ளிகள் விழுந்துள்ளன. லேமினேஷன் செய்யலாமா? வெளிநாட்டில் விற்றால் என்ன கிடைக்கும்?

பதில்: லேமினேஷன், பசை, வெளுப்பு நீர் மூன்றும் கூடாது. விலை பற்றி மேலூர் அன்பருக்குச் சொன்னதே உங்களுக்கும். 100 ஆண்டு கடந்த கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதிக்கிறது.

சோழவந்தான் வாசகர்: சரி, வண்ணம் பூசவில்லை. எங்கே மாட்டுவது?

பதில்: மேற்கு வெயில் படாத உட்சுவரில், அமிலமற்ற அட்டையை முதுகுக்கு வைத்து, கண்ணாடி தாளைத் தொடாதபடி மாட்டுங்கள்.