போர்ப் படத்துக்கு ஓடிடி சலுகை தேவையில்லை

"ஓடிடி தளங்களுக்கென்றே வெளிவரும் போர்ப் படங்களைத் திரையரங்கில் வெளியாகும் படங்களைப் போலவே மதிப்பிட வேண்டுமா, அல்லது அவற்றுக்குத் தனி அளவுகோல் வேண்டுமா?" என்பது கேள்வி.

ஒரே அளவுகோல்தான் வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். கதை, நடிப்பு, போரைப் பற்றிய நேர்மை ஆகிய எதிலும் "ஓடிடி படம்தானே" என்று ஒரு மதிப்பெண்கூடக் கூட்டிப் போடக் கூடாது. ஆனால் ஒலியையும் காட்சியின் விரிவையும் குறை சொல்லுமுன், எந்தத் திரையில், எந்த ஒலிபெருக்கியில் பார்த்தோம் என்பதை மதிப்பிடுபவர் முதலில் சொல்லிவிட வேண்டும்.

நான் குன்னூரில், வெலிங்டனுக்குப் பக்கத்தில் வசிக்கிறேன். மெட்ராஸ் ரெஜிமென்டின் மையமும் முப்படை அதிகாரிகள் பயிலும் கல்லூரியும் உள்ள ஊர் என்பதால், இங்கே பல வீடுகளில் ஒருவராவது ராணுவத்தில் இருந்தவராக இருப்பார். என் அப்பா பீரங்கிப் படையில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். 1999 கோடையில், கார்கில் போரின்போது, திராஸ் பகுதியில் போஃபர்ஸ் பீரங்கியோடு இருந்தவர். இந்தியிலோ ஆங்கிலத்திலோ வரும் போர்ப் படங்கள் மலையில் உள்ள தியேட்டர்களுக்கு வருவது அரிது. அவற்றைப் பெரிய திரையில் பார்க்க வேண்டுமென்றால் கோயம்புத்தூருக்கு இறங்க வேண்டும். இரவுக் காட்சி முடிந்து பனிமூட்டத்தில் மலைப்பாதை ஏறுவதற்கு அப்பாவின் வயது இடம் கொடுப்பதில்லை. ஆகவே எங்களுக்குப் போர்ப் படம் என்றாலே பெரும்பாலும் வீட்டுத் தொலைக்காட்சிதான்.

தனி அளவுகோல் கேட்பவர்கள், ஓடிடி படம் என்பது வேறு விதமாக எடுக்கப்படும் படம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அந்தப் பெயர் பல நேரங்களில் படத்தை யார் வாங்கினார் என்பதை மட்டுமே சொல்கிறது. இரண்டாம் உலகப் போரில் அட்லாண்டிக் கடலைக் கடந்த கப்பல் அணியைப் பற்றிய 'கிரேஹவுண்ட்', சோனி நிறுவனம் திரையரங்குகளில் வெளியிடுவதாக இருந்த படம். கொரோனாவால் திரையரங்குகள் மூடப்பட்டதும் அதை ஆப்பிள் வாங்கி, 2020 ஜூலையில் தன் தளத்தில் வெளியிட்டது. கார்கில் போரில் உயிரிழந்த கேப்டன் விக்ரம் பத்ராவைப் பற்றி, தமிழில் 'பில்லா'வை எடுத்த விஷ்ணுவர்தன் இந்தியில் இயக்கிய 'ஷேர்ஷா'வும் திரையரங்குக்கென்று எடுக்கப்பட்டு, 2021 ஆகஸ்டில் அமேசான் பிரைமுக்குப் போனது. ஒரு தொற்றுநோய் வந்து கடையை மாற்றிவிட்டது என்பதற்காகச் சரக்கின் தரத்தை அளக்கும் தராசை எப்படி மாற்றுவது?

சரி, தொற்றுநோயின் கட்டாயம் இல்லாமலே ஓடிடிக்கு வந்த படங்களுக்கு என்ன சொல்வது? குழந்தைப் போராளி ஒருவனின் கதையான 'பீஸ்ட்ஸ் ஆஃப் நோ நேஷன்' 2015-இல் நெட்ஃபிளிக்ஸிலும் சில திரையரங்குகளிலும் ஒரே நாளில் வெளியானபோது, அமெரிக்காவின் பெரிய திரையரங்கு நிறுவனங்கள் அதைத் திரையிட மறுத்தன. திரையரங்குக்கும் வீட்டுக்கும் இடையில் 90 நாள் இடைவெளி வேண்டும் என்ற வியாபார வழக்கம் மீறப்பட்டதே காரணம். படத்தின் தரத்துக்கும் அந்தச் சண்டைக்கும் தொடர்பில்லை. முதல் உலகப் போரைப் பற்றி 2022-இல் நெட்ஃபிளிக்ஸ் வெளியிட்ட ஜெர்மானியப் படமான 'ஆல் குவைட் ஆன் தி வெஸ்டர்ன் ஃபிரன்ட்' 4 ஆஸ்கர் விருதுகளையும், சிறந்த படத்துக்கானது உட்பட பிரிட்டனின் 7 பாஃப்டா விருதுகளையும் பெற்றது. திரையரங்குப் படங்களோடு ஒரே வரிசையில் நின்றுதான் அது அவற்றை வென்றது.

இனி ஒலிக்கு வருகிறேன். போர்ப் படத்தில் பாதி வேலையை ஒலிதான் செய்கிறது. திரையரங்கில் ஒலியளவு நம் கையில் இல்லை. அதனால் பதுங்குகுழியில் இருவர் கிசுகிசுப்பதற்கும் அடுத்த நொடி குண்டு விழுவதற்கும் இடையில் மிகப் பெரிய தூரத்தை வைக்க ஒலிக்கலைஞரால் முடிகிறது. வீட்டுக்கான ஒலிக்கலவையில் அந்தத் தூரத்தைக் குறுக்கித்தான் ஆக வேண்டும். நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளம் வசனத்தின் சராசரி அளவை வைத்தே முழுப் படத்தின் ஒலியையும் அளக்கிறது. அப்படிக் குறுக்கிய பிறகும், 2022 ஐப்பசி மழை எங்கள் தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்த இரவில் 'ஆல் குவைட்' படத்தைப் பார்த்தபோது, நான் வசனத்துக்கு ஒலியைக் கூட்டுவதும் வெடிச் சத்தத்துக்குக் குறைப்பதுமாக ரிமோட்டைக் கீழே வைக்கவே இல்லை. அந்த ஜெர்மானியப் படத்தின் இசையில் ஹார்மோனியத்திலிருந்து எழும் மூன்று கனத்த சுரங்கள் திரும்பத் திரும்ப வரும். எங்கள் தொலைக்காட்சியின் சின்ன ஒலிபெருக்கியில் அவை வெறும் அதிர்வாகக் கரகரத்தன. மறு மாதம் நண்பர் வீட்டில் நல்ல ஒலிபெருக்கிகளோடு கேட்டபோதுதான் அவை அடிவயிற்றில் இறங்கின. முதல் இரவே நான் "இசை எரிச்சலூட்டுகிறது" என்று எழுதியிருந்தால், என் வீட்டுப் பெட்டியின் குறையைப் படத்தின் தலையில் கட்டியவளாகியிருப்பேன்.

ஆனால் எல்லா ஒலிக் குறையும் பெட்டியின் குறை அல்ல. வேறொரு போர்ப் படத்தில், தொலைவில் தெரியும் மலைமுகட்டில் குண்டு வெடிக்கிறது. வெளிச்சமும் சத்தமும் ஒன்றாக வருகின்றன. பீரங்கியோடு வாழ்ந்ததால் இடது காது மந்தமாகிப்போன அப்பா, சோபாவில் சாய்ந்தபடி தொடையில் விரலால் தட்டி, "ஒண்ணு, ரெண்டு, மூணு…" என்று எண்ணினார். "வெளிச்சம் தெரிஞ்சு இத்தனை எண்ணினதுக்கப்புறந்தான் கண்ணு சத்தம் வரணும். நாங்க அத வச்சுத்தான் தூரம் பார்ப்போம்" என்றார். ஒலி ஒரு நொடியில் ஏறக்குறைய 340 மீட்டர்தான் போகும். ஒரு கிலோமீட்டர் தள்ளி வெடித்தால் 3 நொடி கழித்தே காதுக்கு எட்டும். அந்த 3 நொடி மௌனத்தைப் படத்தில் வைப்பதற்குச் செலவே கிடையாது. வைக்காதது கவனக்குறைவு, எந்தத் திரையில் ஓடினாலும் அது கவனக்குறைவுதான்.

திரையரங்கில் முந்நூறு பேர் ஒன்றாக மூச்சடக்கும் தருணம் வீட்டில் கிடைக்காது என்று சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். வீட்டில் குக்கர் விசில் அடிக்கும், கைபேசி ஒலிக்கும், படத்தை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போவோம். அந்தப் பொறுப்பு பார்ப்பவருடையது. மூன்று தவணையாகப் பார்த்த படத்தைப் பற்றி நான் கருத்துச் சொல்வதில்லை. அதேபோல, நம் திரையரங்குப் படங்கள் இடைவேளைக்கென்று ஓர் உச்சத்தைக் கட்டுகின்றன. அந்தக் கட்டாயம் இல்லாத படத்தில் அதைத் தேடி ஏமாந்து, "இழுவை" என்று எழுதுவதும் தவறு.

திரையின் அளவு எதையும் கெடுக்காத இடங்களும் உண்டு. மேற்சொன்ன ஜெர்மானியப் படத்தின் தொடக்கத்தில், செத்த வீரனின் சீருடையைக் கழற்றி, துவைத்து, கிழிசலைத் தைத்துப் புதிதாகச் சேரும் பையனிடம் கொடுக்கிறார்கள். கழுத்துப் பட்டையில் வேறொருவன் பெயர் இருப்பதைப் பார்த்து, இது யாருடையதோ என்று அவன் கேட்கிறான். அதிகாரி அந்தப் பெயர்த் துணியைப் பிய்த்துப் போட்டுவிடுகிறார். எங்கள் 32 அங்குலத் திரையில் அதைப் பார்த்த அப்பா, கையிலிருந்த தேநீரைக் குடிக்காமல் வைத்துக்கொண்டே இருந்தார்.

அதே படத்தின் மீது எனக்குப் பெரிய மனக்குறையும் உண்டு. அதற்கும் ஓடிடிக்கும் சம்பந்தமில்லை. படத்துக்கு மூலமான, எரிக் மரியா ரெமார்க் எழுதிய நாவலில், பால் என்ற அந்தப் பையன் விடுப்பில் வீட்டுக்கு வரும் பகுதி வருகிறது. படம் அதை முழுவதும் எடுத்துவிட்டு, போர்நிறுத்தம் அமலுக்கு வருவதற்குச் சில நிமிடங்களுக்கு முன் ஒரு தாக்குதலைச் சேர்த்துக்கொண்டது. சிப்பாய் வீட்டில் பிறந்தவளாகச் சொல்கிறேன், போர் மனிதனை என்ன செய்கிறது என்பது விடுப்பில்தான் தெரியும். ஆண்டுக்கு 60 நாள் விடுப்பில் அப்பா கறுப்பு டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்குவார். 1999-க்குப் பிறகு வந்த முறை, முதல் பத்து நாள் திண்ணையை விட்டு அவர் உள்ளே வரவில்லை. அம்மா சாப்பாட்டுத் தட்டை அங்கேயே கொண்டுபோய் வைப்பாள். பல கோடி செலவில் சேறும் டாங்கியும் காட்ட முடிந்தவர்களுக்கு ஒரு வீட்டுக் கூடத்தைக் காட்ட மனம் வரவில்லை என்பதற்காக, நான் அந்தப் படத்துக்கு மதிப்பெண்ணைக் குறைத்தேன். அது கோயம்புத்தூரில் பெரிய திரையில் ஓடியிருந்தாலும் அதே அளவுதான் குறைத்திருப்பேன்.

அப்பா நாவலைப் படித்தவர் அல்லர். ஆனாலும் படம் முடிந்ததும், "இந்தப் பையன் லீவுக்கே வரலையே?" என்று கேட்டார். மறுநாள் ஆங்கில நூலை எடுத்துவைத்து, அந்தப் பகுதியைத் தமிழில் சொல்லிக்கொண்டே படித்தேன். போர்முனையில் நடந்ததைச் சொல்லச் சொல்லிப் பாலின் அப்பா விடாமல் கேட்கும் இடம் வந்தபோது, "எங்க அப்பாரும் இப்படித்தான் கேட்டாரு" என்றார்.