திண்டுக்கல் கிராமத்தில் ஆறு மாதம்: விசாவை முதலில் பாருங்கள்

வணக்கம். திண்டுக்கல் பக்கத்துக் கிராமப் பள்ளியில் ஆறு மாதம் தொண்டராகப் பணியாற்ற அழைத்தவர்கள், சுற்றுலா விசாவிலேயே வந்துவிடச் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அதற்கு இணங்காதீர்கள். இந்தியச் சுற்றுலா விசாவில் ஊதியமில்லாத் தொண்டுப் பணிக்கு ஒரு மாதம் வரைதான் இடமுண்டு என்பதால், உங்களுக்குரிய விசா எதுவென்று கொழும்பிலுள்ள இந்திய உயர்ஸ்தானிகராலயத்திடம் எழுத்து மூலம் கேட்டுத் தெளிவுபெற்ற பின்னரே பயணச்சீட்டை வாங்குங்கள். வெளிநாட்டவரைத் தங்கவைப்பவர் 24 மணி நேரத்துக்குள் அவரது விவரங்களை அதிகாரிகளுக்கான படிவத்தில் (முன்பு ‘சி’ படிவம் எனப்பட்டது) பதிய வேண்டும். வீட்டுக்காரருக்கு அது தெரியாமலிருக்கலாம், நீங்களே நினைவூட்டுங்கள்.

மொழி குறித்துக் கவலையில்லை என்கிறீர்கள். நானும் அப்படித்தான் போனேன். முதல் நாள் பெட்டிக்கடையில் பாண் கேட்டதற்குக் கடைக்காரர் வெற்றிலையை எடுத்தார். நம் பாணுக்கு அங்கே பிரெட் என்று பெயர். “கொஞ்சம் கதைக்கலாமா?” என்று தலைமையாசிரியரிடம் கேட்டபோது, கதை சொல்லப் போகிறேன் என்றெண்ணிப் பிள்ளைகளையே கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டார். குடும்பம், திருமணம், சில வேளைகளில் சாதி பற்றியும் முதற் சந்திப்பிலேயே கேட்பார்கள். கடைசிக் கேள்விக்கு, “நான் கொழும்பு” என்று சிரித்து நகர்வதே எனக்குக் கைகொடுத்தது.

மூன்று சதுரமுனைச் சார்ஜர் அங்குள்ள வட்டத்துளைகளில் ஏறாது, ஆகவே அடாப்டர் ஒன்றைக் கொழும்புப் புறக்கோட்டையிலேயே வாங்கிவிடுங்கள்.