சாப்பிட்டு எழுந்ததுமே கழிப்பறைக்கு ஓட வேண்டியிருக்கிறதே, சாப்பிட்டது அப்படியே வெளியே போய்விடுகிறதா?

இல்லை. காலையில் புட்டும் பயறும் தின்று, சாயா குடித்து, கை கழுவுவதற்குள் வயிறு முட்டுகிறது என்றால் அப்போது வெளியே போவது அந்தப் புட்டு இல்லை, பெரும்பாலும் நேற்றோ முந்தாநாளோ சாப்பிட்ட மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளி) சாளை மீன் குழம்பும்தான். புட்டு அந்த நேரம் இரைப்பையில்தான் கிடக்கும்.

நான் களியக்காவிளைப் பக்கம் மெடிக்கல் ஸ்டோரில் நிற்பவன். "தின்னது வயித்துல நிக்கல, ஒரு மாத்திரை தாங்க" என்று கேரள எல்லைக்கு இந்தப் பக்கமிருந்தும் வருவார்கள், பாறசாலைப் பக்கமிருந்தும் வந்து மலையாளத்தில் இதையே சொல்வார்கள். பாதிப் பேர் நல்ல திடகாத்திரமாக இருப்பார்கள். தின்றதெல்லாம் நிஜமாகவே நிற்காமல் போனால் உடம்பு அப்படி இருக்குமா?

நடப்பது இதுதான். சாப்பாடு விழுந்து இரைப்பை விரிந்ததும் நரம்பு வழியாகவும், காஸ்ட்ரின் மாதிரியான ஹார்மோன்கள் வழியாகவும் பெருங்குடலுக்குத் தாக்கல் போகிறது. அது ஏற்கெனவே தன்னிடம் இருக்கும் சரக்கை மலக்குடல் பக்கம் பலமாக ஒரு தள்ளு தள்ளுகிறது. காலையில் முதல் சாப்பாட்டுக்கு இது அதிகம், எண்ணெயும் கொழுப்பும் கூடினால் இன்னும் அதிகம். கைக்குழந்தை பால் குடித்த கையோடு துணியில் மலம் கழிப்பதும் இதனால்தான்.

சாப்பிட்டதற்கு வருவோம். மரச்சீனியில் இருப்பது பெரும்பாலும் மாவுச்சத்து. வாயில் எச்சிலே அதை உடைக்கத் தொடங்கிவிடும், இரைப்பையின் அமிலத்தில் அந்த வேலை நின்றுபோகும், அப்புறம் சிறுகுடலில் கணையநீர் வந்து மிச்சத்தை முடிக்கும். சாளையின் புரதத்தை உடைக்க இரைப்பையிலேயே பெப்சின் என்ற நொதி இருக்கிறது, எண்ணெய்க்குச் சிறுகுடலில் பித்தநீர் வேண்டும். இரைப்பை இதையெல்லாம் கூழாக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கீழே விடும், சாதாரணச் சாப்பாடு முழுக்க இறங்க நாலு மணி நேரம் வரை ஆகலாம்.

இதை நேரில் பார்த்த ஒருவர் உண்டு. 1822-ல் அமெரிக்காவின் மேக்கினா தீவில் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்பவருக்குத் துப்பாக்கிக் குண்டு பாய்ந்து இரைப்பையில் விழுந்த ஓட்டை கடைசிவரை மூடவில்லை. சிகிச்சை செய்த ராணுவ மருத்துவர் வில்லியம் போமான்ட், இறைச்சியையும் ரொட்டியையும் பட்டு நூலில் கட்டி அந்த ஓட்டை வழியாக உள்ளே விட்டு, அவ்வப்போது வெளியே இழுத்து எவ்வளவு கரைந்திருக்கிறது என்று பார்த்தார். பாவம் அந்த மனுஷன். ஆனால் இரைப்பை எப்படி வேலை செய்கிறது என்பதில் பாதி அவரால்தான் தெரிய வந்தது.

சுமார் 6 மீட்டர் நீளச் சிறுகுடலைக் கடக்க இன்னும் சில மணி நேரம். இங்கேதான் எனக்கு எப்போதும் வியப்பு. நாம் குடிக்கும் தண்ணீர், எச்சில், இரைப்பை நீர், பித்தநீர், கணையநீர், குடலே சுரப்பது எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு ஏறக்குறைய 9 லிட்டர் உள்ளே வருகிறது, மலத்தோடு வெளியே போவது 100, 200 மில்லிதான். மற்றதெல்லாம் உடம்புக்குத் திரும்பிவிடும். கடைசியாக ஒன்றரை மீட்டர் பெருங்குடல். அவசரமே இல்லாத இடம் அது, ஒரு நாளுக்கு மேலும் ஆகும்.

நம்பிக்கை வராவிட்டால் ஒரு வேளை மக்காச்சோளம் சாப்பிட்டுப் பாருங்கள். அதன் தோல் நமக்குச் செரிக்காது, எத்தனை மணிக்குப் பின் தலைகாட்டுகிறது என்று தெரிந்துவிடும்.

ஆனால் மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ராத்திரி தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, இதில் ஏதாவது இருந்தால் என் மாதிரி ஆளிடம் மாத்திரை கேட்காமல் டாக்டரிடம் போங்கள். எதைச் சாப்பிட்டாலும் வலியோடு ஓட வேண்டியிருக்கிறது என்றாலும் அதேதான், குடல் எரிச்சல் நோய் (IBS) உள்ளவர்களுக்கு, சாப்பிட்டதும் பெருங்குடல் தள்ளும் இந்த அனிச்சைச் செயல் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும்.

மலச்சிக்கல்காரர்களுக்கு உங்கள் பிரச்சினையைக் கேட்டால் பொறாமையாக இருக்கும். டாக்டர்கள் அவர்களிடம் சொல்வதே, காலைச் சாப்பாடு முடிந்ததும் பஸ் பிடிக்க ஓடாமல் ஒரு பத்து நிமிஷம் கழிப்பறையில் போய் உட்காருங்கள் என்றுதான்.