எலும்பைப் பார்க்காமல் பல்லைத் தள்ளாதீர்கள்

இந்தத் தடவை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அலைனர் பற்றியவை, அதாவது கோணல் பல்லை நேராக்கப் போட்டுக் கழற்றும் பிளாஸ்டிக் உறை பற்றியவை. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

நாளுக்கு 22 மணித்தியாலம் போடச் சொல்கிறார்கள். எனக்குத் தேத்தண்ணி இல்லாமல் முடியாது. 16 மணித்தியாலம் போதாதா? (ஆசிரியை, தலவாக்கலை)

போதாது, டீச்சர். ஓர் அலைனர் பல்லைக் கால் மில்லிமீற்றர் அளவுக்குத்தான் நகர்த்தும். கழற்றி வைத்த நேரத்தில் பல் பழைய இடத்துக்கே திரும்பப் பார்க்கும். அப்புறம் அடுத்த அலைனர் உட்காராது. தேத்தண்ணியை விடச் சொல்லவில்லை. ஐந்து தரம் குடிப்பதை மூன்றாக்கி, சாப்பாட்டோடு சேர்த்துக் குடியுங்கள். அலைனரைப் போட்டபடி மட்டும் குடிக்க வேண்டாம். சாயம் பிடிப்பது சின்ன விஷயம். சீனித் தண்ணி அலைனருக்கும் பல்லுக்கும் நடுவில் தேங்கினால் எச்சில் போய் அதைக் கழுவாது, பல் சூத்தையாகும். அலைனரோடு குடிக்கக் கூடியது பச்சைத் தண்ணி ஒன்றுதான்.

குளிருக்குச் சுடுதண்ணியில் கழுவினேன். இப்போது அலைனர் ஏறவில்லை. (நுவரெலியா)

பிளாஸ்டிக் தாளைச் சூடாக்கி, பல் அச்சின் மேல் அழுத்தித்தான் அலைனரே செய்கிறார்கள். திரும்பச் சூடு பட்டால் வளையாதா? போன மாதம் ஒரு பிள்ளை இப்படித்தான் கொண்டுவந்தது. மேசையில் வைத்தேன், தட்டையாக உட்காரவில்லை. கடைவாய்ப் பக்க முனைகள் இரண்டும் ஒன்றையொன்று பார்த்து மடங்கியிருந்தன. பலவந்தமாக ஏற்ற வேண்டாம். இதற்கு முந்தியதைப் போட்டுக்கொண்டு, இன்றைக்கே உங்கள் வைத்தியரிடம் சொல்லுங்கள். பழைய அலைனர்களை வீசாமல் வைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

என் பல் கோணல். எவ்வளவு செலவாகும்?

வயது இல்லை, ஊர் இல்லை, மேல் பல்லா கீழ்ப் பல்லா என்றுகூட இல்லை. இதற்கு நான் என்ன தொகை சொல்வது? விவரத்தோடு எழுதுங்கள்.

ஞானப்பல்லைப் பிடுங்கினால் முன்பல் நெருக்கம் சரியாகிவிடுமா? (ஹப்புத்தளை)

ஆகாது.

மகளுக்கு 8 வயது. மேல் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவில் இடைவெளி. அலைனர் போடலாமா? (இராகலை)

பொறுங்கள், அம்மா. இந்த வயதில் அது இயல்பு. 11, 12 வயதில் மேல் கோரைப் பல் இறங்கும்போது பெரும்பாலும் தானாகவே நெருங்கிவிடும். அதற்குப் பிறகும் இருந்தால் காட்டுங்கள்.

வீட்டுக்கே பெட்டி அனுப்புகிறார்கள். அச்சை நாமே கடித்து அனுப்பினால் போதுமாம், பாதி விலை. அட்டனிலிருந்து கண்டிக்கு அலைய முடியவில்லை. எடுக்கலாமா? (வயது 27)

எடுக்காதீர்கள், தம்பி. இந்தப் பக்கத்தில் எத்தனையோ தரம் எழுதிவிட்டேன், இன்னும் எழுதுவேன்.

பிளாஸ்டிக் அழுத்த மட்டும்தான் செய்யும், பல்லுக்கு வழி விடுவது எலும்பு. அழுத்தம் விழுகிற பக்கம் எலும்பு கரைகிறது, மறுபக்கம் புது எலும்பு வளர்கிறது. எலும்பு நன்றாக இருந்தால்தான் இது நடக்கும். நீங்கள் கடித்து அனுப்பும் அச்சில் பல்லின் வெளியில் தெரியும் பகுதி மட்டும் பதியும். வேர் எவ்வளவு நீளம், எலும்பு எவ்வளவு மிச்சம், உள்ளே முளைக்காத பல் கிடக்கிறதா, வேர் நுனியில் சீழ் இருக்கிறதா, எதுவும் அதில் தெரியாது. அதற்கு எக்ஸ்ரே வேண்டும், பல் முரசைத் தொட்டுப் பார்க்க ஒரு கை வேண்டும்.

தீபாவளிக்குக் கொழும்பிலிருந்து வீட்டுக்கு வந்த ஒரு பிள்ளை, 24 வயது, இப்படிப் பெட்டி எடுத்துப் போட்டுவிட்டு என்னிடம் வந்தார். கீழ் முன்பல்லை விரல் நுனியால் தொட்டேன். விழப்போகும் பால்பல் போல முன்னும் பின்னும் ஆடியது. முரசோரத்தை அழுத்தினால் மஞ்சளாகச் சீழ் வந்தது. முரசு வருத்தம் அவருக்கு முன்பே இருந்திருக்கிறது. அலைனர் போடுமுன் ஒருவரும் வாயைத் திறந்து பார்க்கவில்லை. பேசும்போது கையால் வாயை மறைத்தபடியே இருந்தார். பல் கோணலாக இருந்த காலத்தில் தான் அப்படி மறைத்ததில்லை என்றார்.

இன்னொன்று. அமெரிக்காவில் இந்த வியாபாரத்தில் பெரிய பெயர் ஸ்மைல் டைரக்ட் கிளப். 2023 டிசம்பரில் மூடிவிட்டார்கள். சிகிச்சையில் பாதி வழியில் இருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். அங்கேயே அந்தக் கதி என்றால், டெலிபோன் நம்பரை மட்டும் வைத்திருப்பவரை நீங்கள் எங்கே போய்த் தேடுவீர்கள்? சிகிச்சை செய்பவர் யார், இலங்கை மருத்துவ சபையில் பதிந்த பல் வைத்தியரா என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் காசைக் கொடுக்காதீர்கள். பஸ் அலைச்சல் எனக்கும் தெரியும். பேராதனைப் பல் ஆஸ்பத்திரியில் காத்திருக்க வேண்டிவரும் என்பதும் தெரியும். கோணல் பல் காத்திருக்கும். முரசு வருத்தத்தில் கரைந்த எலும்பு திரும்பி வராது.

அம்மாவுக்கு 52 வயது. கொழுந்து பறிக்கிறார், வெற்றிலை போடுவார். முன்பற்கள் விரிந்துகொண்டே போகின்றன. அலைனரால் நெருக்கலாமா? (பதுளை)

இந்த வயதில் புதிதாக இடைவெளி விழுந்தால், முதலில் எலும்பு குறைந்திருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். முரசுச் சிகிச்சை முதலில், மற்றதெல்லாம் பிறகு. எக்ஸ்ரே எடுக்காமல் யாரும் அந்தப் பல்லைத் தள்ளக் கூடாது. அதைவிட அவசரம் ஒன்று இருக்கிறது. அம்மாவை வாயைத் திறக்கச் சொல்லி, அவருடைய மூன்று விரல்களை ஒன்றின் மேல் ஒன்றாக, நெட்டாக, மேல் கீழ் முன்பற்களுக்கு நடுவில் வைக்கச் சொல்லுங்கள். நுழையாவிட்டாலோ, கன்னத்தின் உட்பக்கம் வெள்ளையாக, சிவப்பாகத் திட்டு இருந்தாலோ, காரம் பட்டால் எரிந்தாலோ, இந்தக் கிழமையே அரசாங்க ஆஸ்பத்திரிப் பல் வைத்தியரிடம் கூட்டிப் போங்கள். இலங்கை ஆண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். வெற்றிலை பாக்குப் போடும் பெண்களையும் அது விடுவதில்லை. அப்பா போடுகிறவர் என்றால் அவரையும் சேர்த்துக் கூட்டிப் போங்கள்.

சிகிச்சை முடிந்து ஒரு வருடம். கல்யாண வீட்டில் ரிடெய்னரை (நேரான பல் மறுபடி நகராமல் பிடித்து வைக்கும் உறை) டிஸ்யூவில் சுற்றி வைத்தேன், இலையோடு போய்விட்டது. நான்கு மாதமாகப் போடவில்லை, ஒரு பல் திரும்புகிறது. (பண்டாரவளை)

நான்கு மாதம் எதற்குக் காத்திருந்தீர்கள்? முதல் கிழமையே போயிருந்தால் புது ரிடெய்னரோடு முடிந்திருக்கும். இப்போது இரண்டு மூன்று அலைனர் மறுபடி போட வேண்டிவரலாம். போய் அச்சுக் கொடுங்கள். அதன் பிறகு இரவில் ரிடெய்னர் போடுவதை நிறுத்தாதீர்கள். கழற்றினால் டிஸ்யூவில் அல்ல, மூடியுள்ள பெட்டியில் வையுங்கள்.